அந்தப் புத்தகத்தைக் கிழிக்காதீர்கள்

ஒரு அப்பா பாலிதீன் கவருக்குள் போட்டுக் கொண்டுவந்து நூலகத்தில் என் மேசையில் வைத்தார். புத்தகம் இரண்டு துண்டாகக் கிடந்தது. முதுகோடு பிடித்து இழுத்ததில் பசை விட்டு, பக்கங்கள் கொத்துக் கொத்தாகக் கழன்றிருந்தன. மேலே செய்தித்தாள் அட்டை. அதில் ஒரு லேபிள் ஒட்டி, பிள்ளையின் அழகான கையெழுத்தில் ‘இயற்பியல்’ என்று எழுதியிருந்தது. பக்கங்களைப் புரட்டினால் ரப்பர் ஷீட்டின் புளித்த வாசம். வீட்டுக்குப் பின்னால் ஷீட் அடிக்கிற மெஷின் நிற்கும் ஷெட்டில் ஒளித்துவைத்து வாசித்திருக்கிறாள்.

“எனக்க மோளுக்க கையில இதக் குடுக்காண்டாம் டீச்சரே. பேய்க்கதை, அதுலயும் காதலு. பிள்ள கெட்டுப் போவும்.”

குலசேகரம் பக்கத்துக்காரர். விடியும் முன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவர். புத்தகத்தின் விலையைத் தருகிறேன் என்று சட்டைப் பையில் கைவிட்டார். அப்படிப்பட்ட மனுஷரிடம் கோபப்பட முடியவில்லை. ஆனால் இந்தக் கல்வியாண்டில் இப்படி என் மேசைக்கு வந்த புத்தகங்களில் இது நான்காவது. ஒன்று கிழிந்து வந்தது, ஒன்றின் ஓரம் அடுப்பில் கருகி வந்தது, ஒன்று ஒரு பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் மூன்று மாதம் சிறையிருந்துவிட்டு வந்தது. இருபது வருஷமாகக் கிளை நூலகங்களில் வேலை பார்க்கிறேன். இதற்கு மேலும் பேசாமல் இருந்தால் நான் பார்க்கிற வேலைக்கு அர்த்தமில்லை.

முதலில் அது என்ன புத்தகம் என்று சொல்லிவிடுகிறேன், கிழித்தவர் வாசிக்கவில்லை. அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் ஒரு அம்மா, மகள் வாசித்து முடித்த ஆங்கில நாவல்களை ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டி நிறையக் கொடுத்தார். அதில் ஒன்று. புது ஊருக்குக் குடிவரும் ஒரு பெண், செத்துப்போன பாட்டி இன்னும் சமையலறையில் உலாவிக்கொண்டு அவளுக்கு அறிவுரை சொல்கிறாள், பக்கத்து வீட்டுப் பையன் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஓநாயாக மாறுகிறான். அவ்வளவுதான் கதை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் படுத்தபடியே வாசித்து முடித்தேன். சிரித்தேன், இரண்டு இடத்தில் நெஞ்சு படபடத்தது, கடைசியில் பாட்டி விடைபெறும் இடத்தில் அழுதேன். கடைகளில் இதை யங் அடல்ட் என்று தனி அலமாரியில் வைப்பார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரைக்குமான பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுவது. பெரியவர்களும் ஏராளமாக வாசிக்கிறார்கள்.

பேய்க்கதை பிள்ளையைக் கெடுக்கும் என்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. நாம் யார் ஊர்க்காரர்கள்? நாகர்கோவிலை ஒட்டியிருக்கிற கள்ளியங்காட்டின் பெயரைத் தாங்கிய நீலிப் பேயைத் தெரியாத வீடு இங்கே உண்டா? ஆரல்வாய்மொழி பக்கம் முப்பந்தலில் இறங்கி இசக்கியம்மனைக் கும்பிடாமல் போகிற டிரைவர்கள் எத்தனை பேர்? கோயில் கொடைக்குப் பாய் விரித்து, மடியில் பிள்ளையைப் படுக்கவைத்து, விடிய விடிய வில்லுப்பாட்டில் இசக்கி கதை கேட்டவர்கள் நாம். அந்தக் கதையில் என்ன இருக்கிறது? காதல், நகைக்கு ஆசைப்பட்டுச் செய்த கொலை, செத்தவள் திரும்பி வந்து பழிவாங்குவது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், கொட்டாரத்தில் சங்குண்ணி 1909-லிருந்து தொகுத்து வெளியிட்ட ஐதீகமாலை என்ற கதைத் தொகுப்பிலும் யட்சி என்னும் பெண்பேய்களுக்குக் குறைவில்லை. 2025-ல் வந்த ஒரு மலையாளப் படத்தின் நாயகியே கள்ளியங்காட்டு நீலிதான். அதைக் குடும்பத்தோடு தியேட்டரில் பார்த்துவிட்டு வந்தவர்கள், ஓநாய்ப் பையன் வருகிற நாவலைப் பிள்ளை கையிலிருந்து பிடுங்கலாமா? நியாயமா இது?

சரி, பேய் ஒரு சாக்குதான். உண்மையான பயம் மற்ற வார்த்தையில் இருக்கிறது.

‘கெட்டுப் போவாள்’ என்பதற்கு நம் ஊரில் ஒரே பொருள்: யாரையாவது காதலித்துவிடுவாள். எனக்குப் பொறுக்க முடியாத தப்பெண்ணம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். பதினாறு வயதில் மனசு ஒருவர் பக்கம் சாய்வதற்கு நாவல் வேண்டுமா? பஸ் ஸ்டாப் போதும். ட்யூஷன் போதும். எழுத்தே அறியாத நம் பாட்டிமார் காலத்திலும் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள், அழுதார்கள், சிலர் வீட்டைவிட்டுப் போனார்கள். அவர்கள் கையில் எந்தப் புத்தகத்தைப் பிடித்தீர்கள்? ஆசை அந்த வயதில் தானாக வரும். வரும்போது அதைப் பற்றிப் பேச வீட்டில் யாரும் இல்லை. அம்மாவிடம் கேட்டால் அடி விழும். சிநேகிதிக்கும் அதே வயதுதான். இந்தக் கதைகளில் ஒரு பெண் ஒருவனை விரும்புகிறாள், சந்தேகப்படுகிறாள், ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்கிறாள், ஏமாறுகிறாள், எழுந்து நிற்கிறாள். வாசிக்கிறவள் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, யாதொரு ஆபத்தும் இல்லாமல், அவளோடு கூடவே நடந்து பார்க்கிறாள். புத்தகத்தை மூடினால் எல்லாம் நின்றுவிடும். நிஜத்தில் அப்படி மூட முடியாது.

இன்னொன்று. என் இருபது வருஷத்தில் ஒரு பையனின் புத்தகத்தைக் கிழித்துக்கொண்டு யாரும் வந்ததில்லை. அவர்கள் எடுத்துப்போகும் துப்பறியும் நாவல்களில் பக்கத்துக்குப் பக்கம் கொலை. ‘பயல் கொலைகாரன் ஆகிவிடுவான்’ என்று எந்த அப்பாவும் என்னிடம் வந்து நின்றது கிடையாது. பெண்பிள்ளையின் கையில் இருப்பது காதல் கதை என்றால் மட்டும் கை நடுங்குகிறது. யோசித்துப் பாருங்கள்.

அடுத்து ஆசிரியர்கள். எல்லையோரம் என்பதால் நம்மவர்களிடம் ஒரு மலையாள வசை தயாராக இருக்கிறது: பைங்கிளி. முட்டத்து வர்க்கி 1955-ல் எழுதிய ‘பாடாத்த பைங்கிளி’ நாவலின் பெயரிலிருந்து வந்தது. லேசான காதல் கதை எதுவானாலும் பைங்கிளி, கீழானது, நேர விரயம். அதே வர்க்கிக்குத்தான் வாசிப்பைச் சாதாரண வீடுகளின் திண்ணைக்குக் கொண்டுபோனதில் பெரிய பங்கு உண்டு என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். எல்லையில் களியக்காவிளையைத் தாண்டினால், கேரளத்தில் ஜூன் 19 வாசிப்பு தினம், பி.என். பணிக்கரின் நினைவு நாள். 1945-ல் திருவிதாங்கூர் முழுக்க இருந்த நூலகங்களைச் சங்கமாகத் திரட்டியவர். அன்றைக்கு நம் தாலுகாக்களும் திருவிதாங்கூரில்தான் இருந்தன, 1956 நவம்பர் 1-ல்தான் இந்தப் பக்கம் வந்தோம். ‘வாயிச்சு வளருக’, வாசித்து வளருங்கள், என்பது பணிக்கரின் முழக்கம். எதை வாசிக்க வேண்டும் என்று அதில் ஒரு சொல் கிடையாது.

நூலக அறிவியல் படிக்கிற எல்லோருக்கும் முதல் பாடம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து விதிகள். இரண்டாவது விதி: ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய புத்தகம். வாசகருக்கு ‘ஏற்ற’ புத்தகம் என்றோ ‘உயர்ந்த’ புத்தகம் என்றோ அவர் எழுதவில்லை. அவளுக்கு இன்றைக்கு ஓநாய்ப் பையன் வேண்டுமானால் அதைத் தேடிக் கொடுப்பது என் கடமை.

எனக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களிடமும் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. “வாசிக்கட்டும் மேடம், இதிலிருந்து மெல்ல மெல்ல நல்ல இலக்கியத்துக்கு வந்துவிடுவாள்” என்பார்கள். வரலாம். ஸ்டீபன் கிராஷென் என்ற மொழியியல் பேராசிரியர் 1993-ல் இதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். பிள்ளை தானாக விரும்பி வாசிக்கும் லேசான புத்தகங்கள் மொழியைக் கொடுக்கின்றன, கனமான வாசிப்புக்கும் வழிவிடுகின்றன என்பது அவர் வாதம். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் இந்த நாவல்களை அகராதி தொடாமல் வாசித்து முடிப்பதை நானே பார்க்கிறேன். கதை இழுக்கிற இழுப்பில் தெரியாத சொல்லைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள், பத்தாவது தடவை வரும்போது அந்தச் சொல் அவர்களுடையது ஆகிவிடுகிறது. ஆனால் அவள் அதற்காகவா வாசிக்கிறாள்? காலையில் ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ட்யூஷன், வந்து பாத்திரம் தேய்த்து, தம்பிக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து, அப்புறம் கிடைக்கிற அரை மணி நேரத்தில் சந்தோஷமாக இருக்க வாசிக்கிறாள். அவள் கடைசிவரை கனமான நாவல் பக்கமே வராவிட்டாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இனி கவனிக்க வேண்டியவை. பெற்றோரே, பயப்படத் தேவையில்லாததற்குப் பயப்பட்டு, கவனிக்க வேண்டியதை விட்டுவிடுகிறீர்கள்.

அட்டையை நம்பாதீர்கள். கார்ட்டூன் படம் போட்ட அட்டையோடு, முழுக்கப் பெரியவர்களுக்கான காதல் நாவல்கள் இப்போது நிறைய வருகின்றன. கடையிலும் ஆன்லைனிலும் யங் அடல்ட் நூல்களோடு கலந்து கிடக்கின்றன. பின்னட்டையை வாசியுங்கள், நாயகியின் வயதைப் பாருங்கள், அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையா, வேலைக்குப் போகிறவளா என்று பாருங்கள். தெரியாவிட்டால் நூலகரைக் கேளுங்கள். இதற்காகத்தான் சம்பளம் வாங்குகிறோம்.

செல்போனில் வாசிப்பது வேறு விஷயம். கதைச் செயலிகளில் கதையோடு கமெண்டும், தனிச் செய்தியும், முகம் தெரியாத ஆட்களும் வருகிறார்கள். எனக்கு உள்ளபடியே பயம் தருவது அதுதான். சொந்தப் பெயர், பள்ளிக்கூடம், போட்டோ எதுவும் அங்கே வேண்டாம். தனிச் செய்தி வசதியை அணைத்துவையுங்கள். இதற்கும் காகிதப் புத்தகத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். புத்தகத்திலிருந்து யாரும் உங்கள் பிள்ளைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு ‘ஹாய்’ அனுப்புவதில்லை.

இந்தக் கதைகளில் எனக்குப் பிடிக்காத ஒரு பழக்கமும் உண்டு. 2005-ல் வெளிவந்து உலகமெங்கும் விற்ற ஒரு ரத்தக்காட்டேரிக் காதல் நாவலில், நாயகன் நாயகிக்குத் தெரியாமல் அவள் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பான். அதைக் காதல் என்று கதை சொல்லும். இதற்கு வழி, புத்தகத்தைப் பிடுங்குவது கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: “மோளே, நம்ம தெருவில ஒருத்தன் இப்பிடி ஜன்னலுக்க பக்கத்துல வந்து நின்னா நீ என்ன செய்வ?” ஒரு அம்மா இப்படிக் கேட்டதற்கு அவர் மகள், “வெளக்குமாத்தால அடிப்பேன், அது கதைதானம்மா” என்றாளாம். கதைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரிந்த பிள்ளை. முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். தெரியாதவள் யார் என்பது பேசினால்தான் தெரியும்.

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பிள்ளை பல நாளாகத் தூங்கவில்லை, தனியாக இருக்கப் பயப்படுகிறாள், சாப்பிடவில்லை, ஏதோ தெரிகிறது என்கிறாள் என்றால் ‘அந்தப் பேய்க்கதைதான் காரணம்’ என்று மந்திரவாதியிடம் கயிறு கட்டக் கூட்டிப் போகாதீர்கள். பரீட்சை பயமாக இருக்கலாம், வெளியே யாரோ தொந்தரவு கொடுக்கலாம், மனசுக்கே உடம்பு முடியாமல் இருக்கலாம். டாக்டரிடம் போங்கள். அரசின் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. புத்தகத்தைக் கிழித்துவிட்டோம், பிரச்சினை தீர்ந்தது என்று இருந்துவிட்ட வீடு ஒன்றை எனக்குத் தெரியும். அங்கே பிரச்சினை பக்கத்து வீட்டில் இருந்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பு நேரத்தில் வாசித்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் கொடுத்துவிடுங்கள். எல்லோர் முன்னாலும் அதிலிருந்து ஒரு பத்தியை உரக்க வாசித்து அவளைச் சிரிப்புக்கு ஆளாக்காதீர்கள். அப்படி அவமானப்பட்ட பிள்ளை நூலகத்துக்கே வருவதில்லை. வந்துகொண்டிருந்த இரண்டு பேரை இந்த வருஷம் நான் இழந்துவிட்டேன்.

பிள்ளைகளே, உங்களுக்கும்தான். ராத்திரி இரண்டு மணிவரை வாசிக்காதீர்கள், காலையில் முகமே காட்டிக்கொடுத்துவிடும். மனசுக்கு ஒவ்வாத இடம் வந்தால் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போங்கள், பாதியில் திருப்பிக் கொடுங்கள், ஏன் என்று நான் கேட்க மாட்டேன். இயற்பியல் அட்டை வேண்டாம். அம்மாவுக்குக் கதையைச் சொல்லுங்கள். ஷீட் அடிக்கிற இடத்தில் மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள், ஆசிட் பட்டால் காகிதம் பொடிந்துவிடும்.

புத்தகத்தை நேற்று ஒட்டி முடித்தேன். மைதாப் பசை காய்ச்சி, முதுகுக்குக் காடாத் துணி வைத்து, இரண்டு நாள் செங்கல் பாரத்தில் வைத்திருந்தேன். அந்த அப்பாவிடம் பணம் வாங்கவில்லை. முதல் மூன்று அத்தியாயத்தின் கதையைச் சொன்னேன், நின்றபடியே கேட்டார். செத்த பாட்டி சமையலறையில் வந்து ‘உப்பு கூடிப்போச்சு’ என்று சொல்லும் இடத்தில், “எனக்க அம்மையும் இப்பிடித்தான்” என்றார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரண்டாம் பாகமும் அதே பெட்டியில் இருந்தது. அவள் பெயர் எழுதிய சீட்டைச் செருகி மேசை இழுப்பறையில் எடுத்துவைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாளில் எப்போது வேண்டுமானாலும் வரட்டும், அப்பாவையும் கூட்டிக்கொண்டு.