மின் உலை வைத்திருக்கும் வார்ப்படத் தொழிற்கூடங்களுக்கு இரண்டு அரசு உதவிகள்

திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டையிலோ கங்கைகொண்டானிலோ இன்டக்‌ஷன் உலையில் (மின்காந்தத் தூண்டலால் சூடேறும் மின் உலை) பழைய இரும்பை உருக்கி எஃகு வார்ப்படம் செய்யும் சிறு நிறுவனங்கள், உலையின் மின்செலவைக் குறைக்க மாநில, மத்திய அரசுகளின் இரண்டு திட்டங்களை அணுகலாம். இரண்டுக்கும் உதயம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வேண்டும். இரண்டும் எரிசக்தித் தணிக்கையிலிருந்தே, அதாவது மின்சாரம் எங்கே எவ்வளவு செலவாகிறது என்று வல்லுநர் அளந்து பார்ப்பதிலிருந்தே, தொடங்குகின்றன.

மாநில அரசின் திட்டத்துக்குப் பெயர் ‘பீஸ்’ (PEACE). இது தணிக்கைச் செலவில் 75 சதவீதத்தை, ஒரு லட்சம் ரூபாய் வரம்புக்குள், திருப்பித் தருவது. தணிக்கையாளர் பரிந்துரைத்த இயந்திர மாற்றங்களுக்கு ஆகும் செலவில் பாதியும், 10 லட்சம் ரூபாய் வரை, மானியமாகக் கிடைக்கும். விண்ணப்பத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கொடுக்க வேண்டும்.

மத்திய அரசின் ‘அடீட்டி’ (ADEETIE) திட்டம் 2025 ஜூலையில் தொடங்கப்பட்டது. எரிசக்தித் திறன் பணியகம் (BEE) நடத்துகிறது. இது நேரடி மானியம் அன்று, வட்டிச் சலுகை: குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 சதவீதமும் நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவீதமும் வங்கி வட்டியில் குறையும். தேர்ந்த 14 தொழில்களில் வார்ப்படமும் ஒன்று. ஆனால் முதற்கட்டத்தில் 60 தொழிற்குழுமங்களையே (ஒரே தொழில் செய்யும் நிறுவனங்கள் கூடியுள்ள பகுதிகள்) எடுத்துக்கொள்வதால், தமது பகுதி அதில் உண்டா என்று முதலில் கேட்டறிவது நல்லது. குறைந்தது 10 சதவீத மின்சேமிப்பு அளந்து காட்டப்பட வேண்டும் என்பது நிபந்தனை.

பலர் தடுமாறுவது இந்த அளவீட்டில்தான். ஒரு டன் எஃகை 1,600 டிகிரி வரை சூடாக்க, கணக்குப்படி ஏறத்தாழ 380 முதல் 400 யூனிட் போதும். நடைமுறையிலோ 600 யூனிட்டைத் தாண்டுவதும் உண்டு. உலையைச் சுற்றியுள்ள மின்சுருளை (காயில்) குளிர்விக்கும் தண்ணீரும், மூடியில்லாத உலைவாயும், துருவும் மண்ணுமாகப் போடப்படும் ஸ்கிராப்பும், அச்சு தயாராகும் வரை உருகிய எஃகைச் சூடு குறையாமல் காத்து வைப்பதும் மீதியை விழுங்குகின்றன. காத்திருப்பு நேரம் குறைந்தால் அதே ஷிப்டில் ஒரு ஹீட் (உலையை ஒருமுறை நிரப்பி, உருக்கி, ஊற்றும் சுற்று) கூடுதலாக எடுக்க முடிவதோடு, டன்னுக்கான இழப்பும் தானாக இறங்கும். அதனால் மின்சிக்கனத்தையும் உற்பத்தியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியதில்லை. மாதம் 200 டன் உருக்கும் கூடம் டன்னுக்கு 600 யூனிட்டை 540 ஆக்கினால் 12,000 யூனிட் மிஞ்சும். நிபந்தனையின் 10 சதவீதமும் சரியாக எட்டப்படும்.

இதைக் காட்ட, உலைக்குத் தனி மீட்டரும் ஒவ்வொரு ஹீட்டுக்கும் எடை, யூனிட், நேரம் எழுதிய பதிவேடும் தேவை. தொழிற்கூடம் முழுவதற்குமான மாத மின்கட்டணச் சீட்டு, உலை மட்டும் எவ்வளவு இழுத்தது என்பதைச் சொல்லாது. புது உலையை வாங்கிவிட்டு மானியம் கேட்கப் போவது தலைகீழ் வேலை. பழைய உலை எவ்வளவு தின்றது என்ற கணக்கு இல்லாமல் சேமிப்பைக் கணக்கிட வழியில்லை. ஆகவே தணிக்கையாளரை அழைப்பதற்கு முன் சில மாதங்களாவது பதிவேட்டை எழுதி வைத்திருக்க வேண்டும்.