நுங்கு வாங்கிக் கொடுத்தேன், நின்னு போச்சு

போன வாரம் வந்தவருக்கு வயது 58. பாம்பன் பக்கம், விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மூத்திரம் அடைத்து அடிவயிறு உப்பிப்போய், மகன்கள் இரண்டு பேரும் ராத்திரியில் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். குழாய் போட்டுக் கழுவக் கழுவ, கறுத்த ரத்தக்கட்டிகள் ஈரல் துண்டு மாதிரி வந்து விழுந்தன. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். மனைவிதான் பதில் சொன்னார்: "போன வைகாசியிலயே கைலியில ரத்தக் கறை பார்த்தேன் சார். சூடுன்னு நுங்கு வாங்கிக் கொடுத்தேன், நின்னு போச்சு."

வைகாசி மீன்பிடித் தடைக்காலம். ஆள் வீட்டில் இருந்ததால் கறையாவது கண்ணில் பட்டது. மற்ற நாளில், இருட்டில் படகு ஓரம் நின்று கடலில் போகிறவருக்கு நிறம் எங்கே தெரியும்?

இந்த "நின்னு போச்சு" என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அவருக்கு இருந்தது சிறுநீர்ப்பைப் புற்று. அது நாள்தோறும் ரத்தம் விடாது. ஒரு நாள் வரும், அப்புறம் இரண்டு மாதம் தெளிவாகப் போகும். நுங்கு, பதநீர், வாழைத்தண்டுச் சாறு, அந்த வாரம் எதைக் குடித்தீர்களோ அதற்குப் பெயர் கிடைக்கும். கட்டி பாட்டுக்கு உள்ளே வளரும்.

அடுத்தது, "வலியே இல்லையே." கல் என்றால் புரட்டி எடுக்கும், கிருமி என்றால் எரியும். வலியில்லாமல் சிவப்பாகப் போகிறவரைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு கலங்கும். எல்லாம் புற்றாக இருக்காது, சரி. அதைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் இதய மாத்திரையால்தான் ரத்தம் வருகிறது என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். மாதவிடாய் நின்ற பெண்கள் தீட்டு திரும்பிவிட்டதென்று வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் விடக் கூடாது. சின்னக் கட்டி அதில் தப்பிவிடும். மரப்பு ஜெல்லி போட்டு மெல்லிய குழாய்க் கேமராவால் உள்ளே பார்க்கச் சில நிமிடம் போதும். கட்டி மேலோட்டமாக இருந்தால் மூத்திர வழியாகவே சுரண்டி எடுத்துவிடலாம். தேவைப்பட்டால் பி.சி.ஜி. மருந்தைப் பைக்குள் செலுத்துவோம். தோளில் தழும்பு விட்ட அதே பி.சி.ஜி.தான், 1976-ல் கனடாவில் மொராலெஸ் குழுவினர் இதில் பலன் இருப்பதை எழுதினார்கள். காசநோய் ஊசி எதற்கு என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. சிறுநீரகக் கட்டியையும் சீக்கிரம் பிடித்தால் லாபம்தான். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் 4 செ.மீ.க்குள் தென்பட்டால், பெரும்பாலும் கட்டியை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிடலாம்.

பாம்பன்காரருக்குத் தசைக்குள் இறங்கிவிட்டது. சிறுநீர்ப்பையையே எடுக்க வேண்டும். அப்புறம் மூத்திரம் வயிற்றில் ஒட்டும் பையில்தான் சேரும். "வயித்துல பை ஒட்டிக்கிட்டு போட்டுல ஏறலாமா சார்?" என்று மட்டும் கேட்டார். காயம் ஆறியபின் ஏறலாம், வலை இழுப்பதை மகன்களிடம் விட்டுவிடுங்கள் என்றேன்.

பீடியை விடுங்கள். அது நெஞ்சுக்கு மட்டும் கெடுதல் இல்லை, புகையின் நஞ்சு மூத்திரப் பையில்தான் மணிக்கணக்கில் தேங்குகிறது. ஒரே ஒரு தடவை சிவப்பாகப் போனாலும் போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். தடைக்காலம் வரட்டும் என்று தள்ளாதீர்கள். மதுரைக்கு அலைய வேண்டுமே என்று பயந்தால், முதல் ஸ்கேனை ராமநாதபுரத்திலேயே எடுக்கலாம். வரும்போது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்காமல் கொண்டு வாருங்கள்.