மணவாட்டி என்ற சொல்

“கிறிஸ்துவின் மணப்பெண்ணாகிய சபை” என்று இப்போது எங்கும் கேட்கிறோம். மொழிபெயர்த்து வரும் பிரசங்கங்களிலும் புதுப் பாடல்களிலும் கைப்பிரதிகளிலும் இதே சொல்தான். எல்லோருக்கும் புரிகிறது என்பதால் யாரும் நின்று யோசிப்பதில்லை. ஆனால் பழைய தமிழ் வேதாகமத்தில் உள்ள மணவாட்டி என்ற சொல் இந்த இடத்தில் சுமந்த பொருளில் பாதியைக்கூட மணப்பெண் சுமக்கவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மணவாளன் என்பதன் பெண்பால் மணவாட்டி. ‘ஆள்’ என்பதோடு ‘தி’ என்ற பெண்பால் ஈறு சேர்ந்து ‘ஆட்டி’ ஆகிறது. மனையாட்டி, பெண்டாட்டி எல்லாம் இந்த வகைதான். மணமகள், மனைவி என்ற இரண்டு பொருளும் இதற்கு உண்டு. கிரேக்கத்தில் உள்ள சொல் நிம்ஃபே, எபிரெயத்தில் கல்லா. இரண்டும் மணமகளையும் குறிக்கும், மருமகளையும் குறிக்கும். ரூத்தை நகோமியின் மருமகள் என்று சொல்லும் இடத்தில் வருவதும் கல்லாதான். உன்னதப்பாட்டு 4-ஆம் அதிகாரத்தில் “என் மணவாளியே” என்று பழைய மொழிபெயர்ப்பு சொல்லும் இடத்தில் வருவதும் அதே கல்லாதான்.

சரி, மணப்பெண் என்றால் என்ன குறை? அது கல்யாணத்தை ஒட்டிய சில நாட்களுக்கான பெயர். மாலையைக் கழற்றியதும் அந்தப் பெயரும் போய்விடும். வேதம் சபைக்குச் சொல்லும் உறவோ அப்படிப்பட்டது அல்ல. வெளிப்படுத்தின விசேஷம் 21:9-ஐப் பாருங்கள்: “ஆட்டுக்குட்டியானவரின் மனைவியாகிய மணவாட்டி.” மூலத்திலும் மணவாட்டி, மனைவி என்ற இரண்டு சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. 19:7-இல் கலியாணம் வந்துவிட்டது என்ற அறிவிப்போடு சேர்த்தே “அவருடைய மனைவி தன்னை ஆயத்தம்பண்ணினாள்” என்று வருகிறது. விருந்து நடப்பதற்கு முன்னாலேயே அவள் மனைவி.

இது எப்படி என்று புரிய யூதர்களின் திருமண முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் இரண்டு கட்டங்கள். முதலில் பெண்ணை நியமித்துக்கொள்வது. பிறகு, காலம் வரும்போது, வீட்டுக்கு அழைத்துக்கொள்வது. நியமிப்பு நம் நிச்சயதார்த்தம் மாதிரி வாய்ப்பேச்சு அல்ல. நியமிக்கப்பட்ட பெண்ணை உபாகமம் 22:24 பிறனுடைய மனைவி என்றே சொல்கிறது. மத்தேயு முதல் அதிகாரத்தில் மரியாள் யோசேப்புக்கு நியமிக்கப்பட்டிருக்கிறாள், இன்னும் கூடிவரவில்லை. ஆனாலும் தூதன் சொல்வது “உன் மனைவியாகிய மரியாள்” என்றுதான். அவளை விட்டுவிட நினைத்த யோசேப்பு, தள்ளிவிட வேண்டும், அதாவது விவாகரத்து செய்ய வேண்டும் என்றுதான் யோசிக்கிறார்.

சபை இன்றைக்கு நிற்பது இந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவில். “நித்திய விவாகத்துக்கென்று உன்னை எனக்கு நியமித்துக்கொள்ளுவேன்” என்று ஓசியா 2:19-இல் தேவன் இஸ்ரவேலிடம் சொன்னார். அதுபோலவே பவுலும் 2 கொரிந்தியர் 11:2-இல் சபையைக் கிறிஸ்துவுக்கு நியமித்ததாகச் சொல்கிறார். ஏற்கெனவே அவருக்கு உரியவள். இன்னும் அவர் வீட்டுக்குப் போய்ச் சேராதவள். மணமகளும் மனைவியும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பதால் மணவாட்டி இந்த நிலையைத் தாங்குகிறது. மணப்பெண் என்று போட்டால், இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்ற தொனி வந்துவிடுகிறது. ‘மணப்பெண்ணாகிய மனைவி’ என்று எழுதிப் பாருங்கள், காதுக்கே ஒட்டாது.

1995-இல் வந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பு மணமகள் என்று வைத்திருக்கிறது. அதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. மணமகன், மணமகள் என்று இணை சரியாக நிற்கிறது, தமிழும் நல்ல தமிழ். மனைவி என்ற பொருள் மட்டும் விடுபடுகிறது. ஆனால் ஒரே பாட்டில் மேல் வரியில் மணவாளன் என்றும் கீழ் வரியில் மணப்பெண் என்றும் எழுதுவதை என்ன சொல்வது? மணவாளனுக்கு இணை மணவாட்டி என்ற அடிப்படைகூடத் தெரியாமல் பாட்டு எழுத வந்துவிடுகிறார்கள்.

மணவாட்டி பழைய வேதாகமத் தமிழ், இளையவர்களுக்குப் புரியாது என்கிறார்கள். அதே ஆட்கள் பரிசுத்தம், ஆயத்தம், நித்தியம், விவாகம் எதையும் விடுவதில்லை. வடசொற்கள் எல்லாம் அப்படியே இருக்க, தூய தமிழ்ச் சொல் ஒன்றை மட்டும் தேடிப்பிடித்து வெளியே தள்ளுவது என்ன நியாயம்?

இன்னொரு பிழை, சொல்லை வைத்துக்கொண்டே அதைக் கெடுப்பது. ‘மணவாட்டிகள்’ என்று பன்மையில் ஜெபிக்கிறார்கள். அதே 2 கொரிந்தியர் 11:2-இல் பவுல் ‘உங்களை’ என்று ஒரு சபை முழுவதையும் அழைக்கிறார். ஆனால் “கற்புள்ள கன்னிகையாக” என்று ஒருமையில் சொல்கிறார். பலர் சேர்ந்து ஒரே மணவாட்டி. வெளிப்படுத்தின விசேஷத்தில் அவளைக் காட்டுகிறேன் என்ற தூதன் யோவானுக்குக் காட்டுவது ஒரு நகரத்தை. அதன் 12 வாசல்களில் இஸ்ரவேலின் 12 கோத்திரங்களின் பெயர்கள், 12 அஸ்திபாரங்களில் 12 அப்போஸ்தலரின் பெயர்கள். தனி ஆத்துமாவை மணவாட்டியாகப் பார்க்கும் வழக்கமும் பழையதுதான். 3-ஆம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற வேத அறிஞர் உன்னதப்பாட்டை விளக்கும்போது சபை, ஆத்துமா என்று இரண்டையும் சொன்னார், 12-ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ பெர்னார்ட் என்ற துறவி ஆத்துமாவைப் பற்றி விரிவாகப் பிரசங்கித்தார். தியானத்துக்கு அது இருக்கட்டும். ஆனால் ஓரிகன் சபையைச் சொல்ல மறக்கவில்லை. நாம்தான் மறந்துவிட்டு, “நான் அவருடைய மணப்பெண்” என்று தனியாகப் பாடிக்கொண்டிருக்கிறோம்.

இதைவிட மோசமானது ‘மணவாட்டி சபை’ என்ற பேச்சு. சபை வேறு, அதற்குள் தேறியவர்கள் மட்டும் சேர்ந்த மணவாட்டி சபை வேறு என்று பிரிக்கிறார்கள். எபேசியர் 5-இல் கிறிஸ்து தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்தது சபைக்காக. கறைதிரை இல்லாமல் தமக்கு முன்னிறுத்திக்கொள்ளப் போவதும் அதே சபையைத்தான். இரண்டாவது ஒரு சபை அங்கே வருவதே இல்லை. இந்தப் பிரிவினைக்கு ஆதாரமாக மத்தேயு 25-இல் உள்ள பத்துக் கன்னிகைகளைக் காட்டுகிறார்கள். அவர்கள் தீவட்டிகளோடு மணவாளனை எதிர்கொண்டு போகிறவர்கள். அந்த உவமையில் ஒருத்தியைக்கூட மணவாட்டி என்று இயேசு சொல்லவில்லை.