ஸ்ஃபுமாத்தோ: தமிழில் என்ன சொல்லலாம்?

மோனாலிசாவைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையப் பழகுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேள்விப்படும் சொல் ஸ்ஃபுமாத்தோ. இத்தாலிய மொழியில் ஃபூமோ என்றால் புகை. அதற்கு மூலம் லத்தீன் ஃபூமுஸ். முன்னால் நிற்கும் ‘ஸ்’, ‘வெளியே’ என்று பொருள்படும் லத்தீன் முன்னொட்டு தேய்ந்து வந்தது. ஸ்ஃபுமாரே என்றால் புகையாய்க் கரைந்துபோதல். ஒளியும் நிழலும் கோடோ தீற்றலோ தெரியாமல் புகைபோல இணைய வேண்டும் என்பது லியொனார்டோ டா வின்சியின் குறிப்பு.

தமிழில் ‘புகையோவியம்’ என்றால் கரியைப் படியவிட்டு வரைந்தது என்று ஆகிவிடும். ‘மங்கல்’ என்றால் ஃபோகஸ் போன புகைப்படம்தான் நினைவுக்கு வரும். நம் இலக்கணத்திலேயே பொருத்தமான சொல் இருக்கிறது: மயக்கம். திணைமயக்கம், மெய்ம்மயக்கம் என்னும்போது மயங்குதல் என்பது கலத்தல்தானே? ஆகவே ‘விளிம்பு மயக்கம்’ என்பது எங்கள் பரிந்துரை. புகை போய்விடுகிறது, வேலை நடக்கும் இடம் மட்டும் துல்லியமாக நிற்கிறது. கியாரோஸ்கூரோ வேறு. அது ஒளிக்கும் இருளுக்கும் உள்ள எதிர்நிலை. ‘ஒளிநிழல்’ என்று சொன்னால் போதும்.

வகுப்புகளில் இதை ‘பிளெண்டிங்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். ஈர வண்ணங்களைத் தூரிகையால் தேய்த்துக் கலப்பது மட்டும் ஸ்ஃபுமாத்தோ ஆகாது; மெல்லடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும். லியொனார்டோவின் ஏழு ஓவியங்களை எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்து 2010-இல் வெளியான முடிவுகளின்படி, அவர் பூசிய மெல்லடுக்குகளில் சில 1 முதல் 2 மைக்ரோமீட்டர் தடிமன்தான். நிழல் அடர்ந்த இடத்தில் எல்லா அடுக்குகளும் சேர்ந்தே 30–40 மைக்ரோமீட்டர், ஏறத்தாழ ஒரு தலைமுடியில் பாதி.

படியெடுக்கும்போது வாயோரத்தை எடுத்துக்கொள்வோம். கித்தானின் நெசவு மேடுகள் மெல்லடுக்கைக் கிழித்துக் காட்டும். ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சைப் பூசி உப்புத்தாள் போட்ட பலகையே நல்லது. முதலில் டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த ரா அம்பர் என்னும் மண்பழுப்பு வண்ணத்தால் நிழலை இடுங்கள். உதடு பிரியும் கோட்டை ஓரம்வரை இழுக்காமல் அதற்குமுன்பே நிறுத்துங்கள். கோடு கன்னம்வரை ஓடினால் புன்னகை இளிப்பாகிவிடும். தோல் நிறம் பூசிக் காய்ந்தபின், ஒரு பங்கு ஆளிவிதை எண்ணெய்க்கு இரண்டு பங்கு டர்பன்டைன் சேர்த்து, அதில் அம்பரைத் தொட்டு நிழலில் மட்டும் தடவுங்கள். உலர்ந்த மென்தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து விளிம்பை மட்டும் தட்டுங்கள். இரண்டு மூன்று தட்டுக்கு ஒருமுறை துணியில் துடையுங்கள், இல்லாவிட்டால் நிழல் கன்னத்துக்கு ஏறிவிடும். விரலாலும் ஒற்றலாம்: வாஷிங்டனில் உள்ள கினேவ்ரா தே பென்சி ஓவியத்தில் லியொனார்டோவின் விரல் தடங்களே பதிந்திருக்கின்றன.

அடுக்கு காய்ந்தபிறகே அடுத்தது. அவசரப்பட்டால் டர்பன்டைன் கீழடுக்கைக் கரைத்துத் தூக்கிவிடும். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் விரைவில் காயும்; ஐவரி பிளாக் என்னும் கறுப்பு மெதுவாகத்தான் காயும், அதன்மேல் அம்பர் ஏறினால் வெடிக்கும். மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும், ஆனால் அளவோடு: மிஞ்சினால் படலம் சுருங்கி மஞ்சளாகும். நிழலடுக்கில் வெள்ளை சேர்க்கவே கூடாது. வெள்ளைத் துகள் ஒளியைச் சிதறடித்து நிழலைப் பால்போல வெளிறிய நீலமாக்கும்.

எல்லா விளிம்பையும் மயக்கினால் முகம் பஞ்சாகிவிடும். மோனாலிசாவிலேயே கழுத்துப்பட்டித் தையல் வேலைப்பாடு கூர்மையாக இருக்கிறது. மயக்கம் கண்ணோரத்திலும் வாயோரத்திலும்தான் ஆழம்.

நிறத்துக்கு, பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள மூல மோனாலிசாவின் அச்சை மட்டும் நம்ப வேண்டாம், அதில் பழைய வார்னிஷின் மஞ்சள் கலந்திருக்கிறது. லியொனார்டோவின் பட்டறையிலேயே உருவான மோனாலிசாவின் படி ஒன்று மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ளது. 2012-இல் துப்புரவு முடித்துக் காட்டப்பட்டது. தோல் நிறத்தை அதிலிருந்தும், விளிம்பை லூவர் படத்திலிருந்தும் எடுங்கள்.