உங்கள் பிள்ளை எந்த நிலையில் வாசிக்கிறது? கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 3ஆம் வகுப்புப் படிக்கும் பிள்ளை தமிழில் "மொட்டு" நிலையில் இருப்பதாக ஆசிரியர் சொன்னால், ஏறத்தாழ 2ஆம் வகுப்புக்குரியதை வாசிக்க வருகிறது, 3ஆம் வகுப்புப் பாடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள். அரும்பு என்றால் 1ஆம் வகுப்பு நிலை, மலர் என்றால் 3ஆம் வகுப்பு நிலை. "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புக் குழந்தைகளை இப்படித்தான் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரே பிள்ளை கணக்கில் மலராகவும் தமிழில் அரும்பாகவும் இருக்கலாம். அதில் தவறொன்றும் இல்லை.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. பள்ளி வாசலையே மிதிக்காமல் 2ஆம் வகுப்புக்கு வந்துவிட்ட குழந்தைகள் அப்போது ஏராளம். அந்த இடைவெளியை அடைக்க 2022 ஜூன் 13 அன்று திட்டம் தொடங்கியது. 8 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பொருள் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் 2025க்குள் கற்றிருக்க வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. 2023-24இல் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது.

கல்வியாண்டின் தொடக்கத்தில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு மதிப்பீடு உண்டு. நடுநடுவே வளரறி மதிப்பீடு, பருவ இறுதியில் தொகுத்தறி மதிப்பீடு. ஆசிரியர்கள் இவற்றைக் கைபேசிச் செயலியில் பதிவு செய்கிறார்கள். ஆகவே உங்கள் பிள்ளையின் நிலை பள்ளியில் பதிவாகி இருக்கும். அதைக் கேட்டால் சொல்ல முடியாது என்பதற்குக் காரணமே இல்லை.

வாசிப்பை எழுத்துத் தேர்வு வைத்து அளக்க முடியாது. கேள்வியைப் படிக்கவே தெரியாத பிள்ளை பக்கத்தில் பார்த்து எழுதிவிடும், அல்லது வெறுந்தாளைக் கொடுத்துவிடும். இரண்டிலிருந்தும் ஆசிரியருக்கு எதுவும் தெரியாது. பிள்ளையைத் தனியாகப் பக்கத்தில் உட்காரவைத்து, அது இதுவரை பார்த்திராத ஒரு சின்னப் பத்தியைக் கொடுத்து, வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பதுதான் வழி. பத்தி வரவில்லையா, வாக்கியம், அதுவும் வரவில்லையா, சொல், அப்புறம் எழுத்து. எந்தப் படியில் தடங்கலின்றி வாசிக்கிறதோ அதுதான் அதன் நிலை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் கிராமங்களில் வீடுவீடாகப் போய் நடத்தும் "அசர்" ஆய்விலும் எழுத்து, சொல், 1ஆம் வகுப்புப் பத்தி, 2ஆம் வகுப்புக் கதை என்று இதே ஏணிதான்.

"பார்த்திராத பத்தி" என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பாடப்புத்தகத்தின் முதல் பாடத்தைத் தலைகீழாக ஒப்பிக்கும் பிள்ளைகள் உண்டு. விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் இன்னொரு வரியில் இருக்கும். நடுவில் உள்ள ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேளுங்கள், உடனே தெரிந்துவிடும்.

தமிழுக்கென்று சில சிக்கல்கள் உண்டு. "கெ", "கே", "கை" ஆகியவற்றில் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. "கொ", "கோ" என்றால் இருபுறமும் குறி. எகர ஏகாரத்தைக் குழப்பிக்கொள்வது, ன-ண, ர-ற, ல-ள-ழ தடுமாற்றம் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் ஆசிரியருக்கு, மறுநாள் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். வெறும் மதிப்பெண் இதைச் சொல்லாது. ஆனால் வட்டாரப் பேச்சைப் பிழையாக எண்ணக் கூடாது. "பழம்" என்பதைப் "பளம்" என்று வாசித்து, அது என்ன பழம் என்றும் சொல்கிற பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறது. உச்சரிப்பை வேறொரு நாள் திருத்திக்கொள்ளலாம்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்றிய அரசு 2021 ஜூலை 5 அன்று தொடங்கிய "நிபுண் பாரத்" திட்டம், 2ஆம் வகுப்பில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள், 3ஆம் வகுப்பில் குறைந்தது 60 சொற்கள் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்கிறது. இதைத் தமிழுக்கு அப்படியே பொருத்துவது நியாயமில்லை. "போய்க்கொண்டிருந்தார்கள்" என்பது நமக்கு ஒரே சொல். வேறு மொழியில் இதைச் சொல்ல மூன்று நான்கு சொற்கள் ஆகும். 2022 மார்ச்சில் ஒன்றிய அரசின் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 3ஆம் வகுப்புக் குழந்தைகளிடம் 20 மொழிகளில் வாசிப்பை ஆய்வு செய்தபோது, ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி அளவுகோல் வகுத்ததும் இதனால்தான். வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பிள்ளையை விரட்ட வேண்டாம். வாசித்து முடித்ததும் "கதையில் யார் வந்தார்கள்? ஏன் அப்படிச் செய்தார்கள்?" என்று கேளுங்கள். பதில் வந்தால், வேகம் பழகப் பழக வந்துவிடும்.

இனி உரிமைக்கு வருவோம். 2009ஆம் ஆண்டின் இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 24ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமைகளை வகுக்கிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவையானால் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்பது ஒன்று. பெற்றோரை முறையாகச் சந்தித்து, வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பது இன்னொன்று. இது ஆசிரியர் மனம்வைத்துச் செய்யும் உதவி அல்ல, சட்டம் விதித்த கடமை. "நமக்கே படிப்பு வராது, வாத்தியாரிடம் போய் என்ன கேட்பது" என்று ஒதுங்கி நிற்கும் தாய் தந்தையருக்குத்தான் இந்தப் பிரிவு மிகவும் தேவை. கேட்க வேண்டியது மூன்றே கேள்விகள்தான்: என் பிள்ளை இப்போது எந்த நிலையில் இருக்கிறது? எதில் தடுமாறுகிறது? அதற்கு வகுப்பில் என்ன செய்கிறீர்கள்?

நிலை குறைவு என்பதற்காகப் பிள்ளையை எல்லோர் முன்னாலும் நிற்கவைப்பதும் அவமானப்படுத்துவதும் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்தவை. அடிப்பதைப் போலவே மனத்துன்பம் தருவதற்கும் அங்கே தடை உண்டு. அரும்பில் இருக்கும் பிள்ளையை "நீ அரும்புதானே" என்று கேலி செய்யும் வழக்கம் எங்கேயும் இருந்தால் உடனே நிறுத்தியாக வேண்டும். அப்படி ஒரு பேச்சைக் கேட்ட பிள்ளை அடுத்தமுறை வாயே திறக்காது. வாய் திறக்காத பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

பள்ளியில் பதில் கிடைக்கவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசுங்கள். அந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேல் வட்டாரக் கல்வி அலுவலர் இருக்கிறார். கல்வித் துறையின் உதவி எண் 14417. 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துமூலம் புகார் தந்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். எண்ணும் எழுத்தும் அரசுத் திட்டம் என்றாலும், 24ஆம் பிரிவு சொல்லும் கடமை தனியார் பள்ளி ஆசிரியருக்கும் உண்டு. 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளில் பின்தங்கியவர்களுக்கு 2025-26இல் "திறன்" என்ற திட்டம் வந்திருக்கிறது. அங்கும் தொடக்கத்தில் ஒரு தேர்வு வைத்து, தேவைப்படுபவர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் எழுத்து மனத்தில் நிற்கவில்லை, ஆனால் பேச்சிலும் புரிதலிலும் குறையே இல்லை என்றால், அதைச் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். வாசிக்கவும் எழுதவும் கற்பதில் வரும் டிஸ்லெக்சியா என்ற குறைபாடாக இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதைச் சீக்கிரமே கண்டறிந்து ஏற்ற முறையில் கற்பிக்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களுக்கும் தந்திருக்கிறது. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், தலைமையாசிரியர் மூலம் அவரைப் பார்க்கலாம். மருத்துவச் சான்று இருந்தால் பின்னாளில் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் 10ஆம் வகுப்புவரை காத்திருக்க வேண்டாம். 2ஆம் வகுப்பிலேயே சந்தேகம் வந்தால் அப்போதே கேளுங்கள்.