ஹேட்ச்: குஞ்சும் அல்ல, நிழலும் அல்ல

'வெட்டுத்தோற்றத்தில் குஞ்சு பொரிக்கவும்.' கணினி வரைபடப் பயிற்சிக் குறிப்பு ஒன்றில் இப்படி ஒரு கட்டளையைப் பார்த்தபோது சிரித்தேன். வேறு குறிப்புகளிலும் அதே குஞ்சு தலைகாட்டியபின் சிரிப்பு வற்றிவிட்டது.

ஆங்கிலத்தில் ஹேட்ச் என்ற ஒலியில் வேறுவேறு சொற்கள் உண்டு. முட்டைக்குரியது ஒன்று. வரைபடத்துக்குரியது, வெட்டு, கொத்து என்று பொருள்படும் 'ஆஷே' என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. கைக்கோடரியைக் குறிக்கும் ஹேட்செட்டும் இந்தக் குடும்பம்தான்.

ஒரு பாகத்தை அறுத்து உள்ளே பார்ப்பதாகப் பாவித்து வரையும்போது, அறுபட்ட பரப்பில் மட்டும் இழுக்கும் மெல்லிய இணைகோடுகள்தான் ஹேட்ச். வழக்கமாக 45 பாகைச் சாய்வு. ஒட்டியிருக்கும் இரு பாகங்களுக்குச் சாய்வு எதிரெதிராக இருக்கும். துளைக்குள் கோடு வராது.

குஞ்சை இயந்திர மொழிபெயர்ப்பின் தலையில் கட்டிவிடலாம். ஹேட்ச்சுக்கு மனிதர்கள் யோசித்துப் போட்ட 'நிழலிடல்'தான் எனக்குத் தீராத தலைவலி. கணக்குப் புத்தகத்தின் 'நிழலிட்ட பகுதி'யிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அங்கே அது பொருந்தும். வெட்டுத்தோற்றத்தில் ஏது விளக்கு, ஏது வெயில்? பேரிங்குக்குள் செல்லும் சுழல்தண்டான ஷாஃப்ட்டை நீளவாக்கில் அறுத்துக் காட்டினாலும் அதன்மேல் ஹேட்ச் போடுவதில்லை. போல்ட்டுக்கும் ரிவிட்டுக்கும் அப்படியே. சுற்றியுள்ள உலோகத்தில் மட்டும் கோடு விழும். நிழல் என்றால் ஷாஃப்ட்டை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது? மாணவன் கேட்டால் 'நிழல்'காரர்களிடம் பதில் இல்லை. முப்பரிமாண மாதிரியில் உண்மையாகவே ஒளியும் நிழலும் காட்டும் வசதி இருக்கிறதே, அதற்கு எந்தச் சொல்லைத் தேடுவார்கள்? 'குறுக்குக்கோடு' என்பாரும் உண்டு. கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சென்றால்தான் அது குறுக்கு.

என் தேர்வு 'வெட்டுவரி'. வெட்டிய முகத்தில் இடும் வரி. மூலச்சொல்லின் வெட்டும் அதில் தங்குகிறது. வரி என்றால் அரசுக்குக் கட்டுவதாயிற்றே என்று முணுமுணுப்பவர்கள் வரிக்குதிரையை நினைத்துக்கொள்ளட்டும். ஆட்டோகேடு என்ற வரைபட மென்பொருளில் செங்கல், புல்தரை போன்ற வடிவங்களை நிரப்புவதற்கும் இதே கட்டளைதான். அங்கே வெட்டு கிடையாது என்பதால் 'நிரப்புகோலம்' எனலாம். இரண்டும் பிடிக்கவில்லையா, வரைவாளர்கள் சொல்வதுபோல் 'ஹேட்ச் போடு' என்றே எழுதுங்கள். தப்பான தமிழைவிட அது எவ்வளவோ மேல்.

பென்சில் பிடித்து ஒரு கோடு இழுக்காதவர்கள் அகராதியைப் பிடித்துக்கொண்டு கலைச்சொல் செய்தால் இப்படித்தான் ஆகும். வீட்டு 'எலிவேஷன்' அவர்கள் கையில் 'உயரம்' ஆகிறது. 'முன் உயரம்' என்று எழுதிக் கொடுத்தால் எத்தனை அடி என்றுதான் கொத்தனார் கேட்பார். முகப்புத் தோற்றம் என்றால் உடனே புரியும். வெட்டுத்தோற்றத்தைக் குறிக்கும் 'செக்ஷன்' என்பதைப் 'பிரிவு' ஆக்கி, படத்தின் கீழே 'பிரிவு அ-அ' என்று போடுகிறார்கள். சட்டப் புத்தகமா அது? பள்ளித் தாவரவியலில் வேரின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்து பாகம் குறித்தவர்கள்தானே இவர்களும்!