காற்றில் கூரை போனால்: நிவாரணப் பணமும் ட்ரோன் படமும்

போன மழைக்காலத்தில் மட்டும் நாலைந்து பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். வீட்டு ஓடு பறந்துவிட்டது, ஷீட் உடைந்துவிட்டது, ட்ரோன் விட்டு மேலிருந்து படம் எடுத்து வைத்திருக்கிறேன், இதைக் கொடுத்தால் எவ்வளவு கிடைக்கும்? கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டி, களியக்காவிளையிலிருந்து அருமனை வரை எங்கள் பக்கம் ஓட்டு வீடும் சிமெண்ட் ஷீட் வீடும் இன்னும் நிறைய இருக்கின்றன, அவற்றைச் சுற்றி ரப்பரும் தென்னையும் அயனியும் நிற்கின்றன, ஒரு காற்று அடித்தால் கேள்விகள் வரத்தான் செய்யும். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ட்ரோன் படத்துக்குப் பணம் இல்லை. பணம் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிறது, அதற்கான கதவு வி.ஏ.ஓ. எழுதும் சேத அறிக்கை. உங்கள் படம் அந்த அறிக்கை ஒழுங்காக எழுதப்பட ஒரு சாட்சி, அவ்வளவுதான். ஆனால் சாட்சி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டோம், அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் தொகை. 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு அளவுகோல் வெளியிட்டது, மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று. அதன்படி முழுசாக இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000 ரூபாய். குடிசைக்கு 8,000 ரூபாய். பாதிச் சேதம் என்றால் கெட்டி வீட்டுக்கு 6,500, கச்சா வீட்டுக்கு, அதாவது உறுதி குறைந்த கட்டுமானத்துக்கு, 4,000. வீட்டோடு சேர்ந்த மாட்டுத்தொழுவத்துக்கு 3,000. காலம் மாறும்போது இந்தத் தொகையும் மாறும், ஆகவே விண்ணப்பிக்கிற நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று தாலுகா ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மாநில அரசு தன் கையிலிருந்து கூட்டியும் கொடுக்கலாம். 2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சேதமடைந்த குடிசைக்குத் தமிழ்நாடு அரசு 10,000 ரூபாய் என்று அறிவித்தது அப்படித்தான்.

இந்தத் தொகையைப் பார்த்துப் பலருக்கு முகம் சுருங்கும். எனக்கும்தான். 6,500 ரூபாயில் கூலி கொடுத்து ஓடு மாற்றிப் பாருங்கள், முகட்டு ஓடு வரைக்கும்கூடப் போய்ச் சேர மாட்டீர்கள். இது இழப்பீடு அல்ல, கைத்தாங்கல் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் இருப்பது 15 சதவீதம் என்ற ஒரு எண்ணில். பாதிச் சேதம் என்று எழுத வேண்டுமானால் சேதம் குறைந்தது 15 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது அளவுகோல். இருபது ஓடு உடைந்தால் வராது. இதைக் கீழே முற்றத்தில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்து முடிவு செய்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். தெருப்பக்கத்துக் கூரை தெரியும், பின்பக்கச் சரிவு தெரியாது, அடுக்களைக்கு மேலே பலாக்கிளை விழுந்து கிடப்பது இலைக்கு அடியில் மறைந்திருக்கும். அதிகாரியைக் குறை சொல்லவும் முடியாது, ஒரு காற்றுக்கு அவருக்கு ஐம்பது வீடு பார்க்க வேண்டியிருக்கும். இந்த இடத்தில்தான் மேலிருந்து எடுத்த ஒரு நேர்ப்படம் வேலை செய்கிறது. கூரை முழுவதும் ஒரே படத்தில் வந்தால், அதன் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, போன கட்டம் எத்தனை நின்ற கட்டம் எத்தனை என்று யாரும் எண்ணிவிடலாம். சதவீதம் கணக்கிடுவது வீட்டுக்கு, கூரைக்கு மட்டும் அல்ல என்பதால் சுவர் விரிசல், நனைந்த உத்திரம், உள்ளே ஒழுகிய கறை இவற்றைச் சாதாரணமாகக் கைப்பேசியில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ட்ரோனுக்கு மேல்புறம் மட்டும்தான் கண். ஓட்டுக்கு அடியில் அதைத் தாங்கும் கழுக்கோல் முறிந்திருப்பது அதற்குத் தெரியாது.

குடிசையா கச்சா வீடா என்பதிலும் தொகை மாறுகிறது அல்லவா? ஓலை, மண், பிளாஸ்டிக் ஷீட் போன்றவற்றால் ஆன, கச்சா வீட்டுக்கும் கீழான தற்காலிக அமைப்பைத்தான் குடிசை என்று அந்த அளவுகோல் சொல்கிறது. உங்கள் வீட்டை எந்த வகையில் எழுதுகிறார்கள் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள், எழுதி மேலே போன பிறகு மாற்றுவது பெரும் பாடு. இன்னொன்று, வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டடமாக இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை இருக்கிறது. வீட்டு வரி ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள். அதோடு குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம்.

இனி எங்கள் வீட்டுக் கதை. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது கன்னியாகுமரி மாவட்டத்தில் மரம் விழாத வீடு குறைவு. மறுநாள் காலையில் எங்கள் மாமா, "மக்கா, நான் ஏறிப் பாத்துட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுத் தொழுவத்து சிமெண்ட் ஷீட்டின் மேல் ஏறினார். பழைய ஷீட், ஈரம் வேறு. ஆணி அடித்த கோட்டில் கால் வைத்தவர் ஒரு அடி தள்ளி வைத்ததும் நேராக மாட்டுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தார். மாட்டுக்கு ஒன்றும் இல்லை. மாமாவுக்கு இடது கை முறிந்தது. பழைய ஷீட் ஆளைத் தாங்காது, ஈர ஓட்டில் வழுக்கும், பக்கத்தில் அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. கூரைக்கு ட்ரோன் விடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்கு வேண்டாம்.

சரி, அது ஒரு பக்கம். சாட்சி விஷயம் நடந்தது சில வருடம் கழித்து, ஒரு கோடை மழைக் காற்றில். சித்தி வீட்டு அடுக்களைக் கூரை போனது. மழை நிற்கவில்லை, சித்தி காத்திருக்கவில்லை, தார்ப்பாய் போட்டு மூடி நாலாம் நாளே ஆள் வைத்து ஓடு வேய்ந்துவிட்டார். அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது ஒன்பதாம் நாள். வந்தவர் புது ஓட்டைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். எங்களிடம் இருந்தது வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த மங்கலான ஒரு படம், எந்தத் தேதி எந்த வீடு என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. ஒரு ரூபாயும் வரவில்லை.

ஆகவே தார்ப்பாய் போடுவதற்கு முன்னால் படம். மழை கொட்டினால் தார்ப்பாய் போடுங்கள், குடும்பம் நனையக் கூடாது, ஆனால் ஐந்து நிமிடம் அதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். ட்ரோன் இருந்தால் முகட்டுக்கு மேலே பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்தில் நேர்க்கீழாக ஒன்று, பிறகு நாலு மூலையிலிருந்தும் சாய்வாக ஒவ்வொன்று, பிறகு உடைந்த இடங்களுக்குக் கிட்டே போய். ஒரு படத்திலாவது வீட்டு அடையாளம், கிணறோ பக்கத்துக் குருசடியோ பாதையோ, சேர்ந்து வரட்டும். ஈரக் கூரை உச்சி வெயிலில் பளபளக்கும், விரிசல் தெரியாது. காலையிலோ மேகமூட்டத்திலோ எடுத்தால் முகட்டு ஓடு நகர்ந்திருப்பதுகூடத் தெரியும். எடுத்த கோப்பை அப்படியே வையுங்கள். ட்ரோன் எடுக்கும் படத்துக்குள்ளேயே தேதியும் நேரமும் ஜி.பி.எஸ். இடமும் பதிவாகி இருக்கும், அதை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தப் பதிவெல்லாம் உதிர்ந்துவிடும். டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்பினால் உதிராது. மெமரி கார்டை அழிக்காதீர்கள். படத்தை அச்சிட்டு மனுவோடு இணைத்துக் கொடுத்து, மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தாசில்தார், அதற்கும் இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள். சேதம் நடந்த அன்றே மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் சொல்லி வைப்பதும் நல்லது, மாநில அறைக்கு 1070.

பனச்சமூடு போன்ற தமிழ்நாடு-கேரள எல்லை இடங்களில் வீடு உள்ளவர்களுக்கு ஒரு தனிக் குழப்பம் உண்டு. உறவு எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது, காற்றும் எல்லைக் கல் பார்த்து அடிப்பதில்லை. ஆனால் பணம் எல்லைக் கல் பார்த்துத்தான் வரும். வீடு எந்த மாநில மண்ணில் நிற்கிறதோ அந்த மாநிலத்தில்தான் கேட்க வேண்டும், நீங்கள் எந்த மொழி பேசினாலும் சரி. கேரளப் பக்கம் என்றால் வில்லேஜ் ஆபீஸில் மனு. "பாறசாலைக்காரருக்கு நாலு லட்சம் கிடைத்ததே, நமக்கு ஏன் இல்லை" என்று கேட்பவர்களுக்கு: 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் முழுசாகப் போன வீட்டுக்கு 4 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள், அது பேரிடர் நிதியோடு முதலமைச்சர் நிவாரண நிதியையும் சேர்த்துக் கொடுத்தது, கீழே சேத சதவீதத்துக்குத் தக்கபடி படிப்படியாகக் குறைந்து 15 சதவீதம் வரைக்கும் 10,000 ரூபாய் என்று வரும். அந்தந்தப் பேரிடருக்கு அந்தந்த அரசு எடுத்த முடிவு அது. ஒவ்வொரு காற்றுக்கும் அதே தொகை என்று நினைத்துக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

இனி ட்ரோன் விடுவதன் சட்டம். எங்கள் ஊரில் ட்ரோன் வைத்திருப்பவர் என்றால் பெரும்பாலும் கல்யாண வீடியோ எடுப்பவர்தான், காற்று அடித்த மறுநாள் அவருக்குத்தான் கிராக்கி. நாடு முழுவதற்கும் இருப்பது 2021-ஆம் வருட ட்ரோன் விதிகள். எடையை வைத்துத்தான் எல்லாம். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது. எல்லாவற்றுக்கும் பதிவெண் வேண்டும், மத்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளம் வழியாக, கட்டணம் 100 ரூபாய். நானோ ஓட்டச் சான்றிதழ் வேண்டாம். மைக்ரோவை உங்கள் சொந்த வீட்டுக்குச் சொந்த உபயோகத்துக்கு ஓட்டினாலும் வேண்டாம், ஆனால் காசு வாங்கிக்கொண்டு ஓட்டினால் ஓட்டுநர் சான்றிதழ் கட்டாயம். பத்தாம் வகுப்பும் 18 வயதும் இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையத்தில் படித்து வாங்கலாம், பத்து வருடம் செல்லும். நானோ தவிர மற்றதற்கு மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். விதி மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகும். ஆகவே வீடியோக்காரரைக் கூப்பிடும்போது, "அண்ணா, பதிவு இருக்கா, சான்றிதழ் இருக்கா" என்று கேட்டுவிடுங்கள். கோபித்துக்கொண்டால் ஆளை மாற்றுங்கள். வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியை 2022 பிப்ரவரியிலேயே நிறுத்திவிட்டார்கள், பாதுகாப்பு, ஆராய்ச்சி மாதிரி சிலவற்றுக்குத்தான் விலக்கு, அதனால் பில் இல்லாமல் கைமாறி வந்ததை வைத்திருப்பவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

எங்கே பறக்கலாம் என்பதற்கு அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வரைபடம் இருக்கிறது. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன்அனுமதி வேண்டாம், கூரை பார்க்க அதில் ஆறில் ஒரு பங்கு போதும். மஞ்சளில் விமானக் கட்டுப்பாட்டு அனுமதி, சிவப்பில் மத்திய அரசு அனுமதி. விமான நிலையத்திலிருந்து 12 கிலோமீட்டருக்குள் கட்டுப்பாடு தொடங்கிவிடும். களியக்காவிளைப் பக்கம் அந்தத் தூரத்தில் இல்லை, ஆனால் திருவனந்தபுரம் நகரத்துக்குள் மகள் வீட்டுக் கூரை பார்க்கிறேன் என்று கிளம்பினால் மாட்டிக்கொள்வீர்கள்.

புயலுக்குப் பிறகு மட்டும் வருகிற ஒன்று உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. மாநில அரசோ காவல்துறையோ ஒரு இடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலம் என்று ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை அறிவிக்கலாம். அமைச்சர் வருகிறார், ஹெலிகாப்டர் மீனவர்களைத் தேடுகிறது என்றால் அது நடக்கும். நேற்றுப் பச்சையாக இருந்த இடம் இன்று சிவப்பு. ஆகவே கிளப்புகிற அன்று காலையில் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். ஆள் ஏறிய விமானமோ ஹெலிகாப்டரோ சத்தம் கேட்டால் உடனே இறக்கிவிடுங்கள், வழி விடவேண்டியது ட்ரோன்தான். விதியில் இல்லாவிட்டாலும் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எல்லைச் செக்போஸ்ட் அருகே தலைக்கு மேல் எது பறந்தாலும் விசாரிப்பார்கள், பக்கத்து வீட்டம்மா குளிமுறிக்கு மேலே பறந்தால் அதைவிடக் கடுமையாக விசாரிப்பார்கள்.

வீட்டுக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வழி. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான பாலிசி தருகின்றன, புயலும் வெள்ளமும் அதில் அடக்கம். கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுச் சாமானுக்கும் தானாகவே சேரும். காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வருவதற்கு முன் எதையும் மாற்றக் கூடாது என்று பயந்து நனைந்துகொண்டிருக்க வேண்டாம்; தகவல் சொல்லிவிட்டு, படம் எடுத்துவிட்டு, மேலும் சேதம் ஆகாமல் மூடுங்கள். உடைந்த ஓட்டைத் தூக்கிப் போடாமல் மூலையில் குவித்து வையுங்கள்.

நிவாரண மனு எழுதும்போது தொழுவத்தைத் தனி வரியில் எழுதுங்கள். வீட்டைப் பற்றி மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு அதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். எங்கள் மாமாவும் ஒக்கியில் அப்படித்தான் விட்டார், கட்டுப்போட்ட கையோடு தாலுகா ஆபீஸ் போய்வந்தும்கூட.